ஓ2 போதுமா, ஓ3 வேண்டுமா? லினக்ஸில் கம்பைல் செய்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

லினக்ஸில் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்ய, அதாவது கணினி ஓட்டக்கூடிய கோப்பாக (பைனரி) மாற்ற, உட்காரும் பலருக்கும் முதலில் எழும் கேள்வி, ஓ2-வா ஓ3-ஆ என்பதுதான். எண் கூடினால் வேகமும் கூடும் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. என்னைக் கேட்டால், எடுக்க வேண்டிய முடிவுகளில் மிகக் குறைந்த பலன் தருவது இதுதான். உருவாகும் பைனரி எந்தக் கணினியில் ஓடப்போகிறது, நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் கம்பைலருக்குக் கொடுக்கும் தேர்வுகளான ஃப்ளாகுகளின் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

ஓ என்று இங்கே எழுதுவது, ஜிசிசி, கிளாங் கம்பைலர்களுக்குக் கழித்தல் குறியோடு கொடுக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்தை; பின்னால் வரும் எண் உகப்பாக்கத்தின், அதாவது நிரலை வேகமாக்கக் கம்பைலர் எடுக்கும் முயற்சியின், அளவு. ஓ-வையே சின்ன எழுத்தில் கொடுத்தால் வெளிவரும் கோப்பின் பெயர் என்று பொருள். அவசரத்தில் அப்படித் தட்டிவிட்டு, '2' என்ற பெயரில் ஒரு கோப்பு முளைத்திருப்பதைப் பார்த்து விழிப்பவர்கள் உண்டு.

ஃப்ளாக் போய்ச் சேர்ந்ததா?

எதையும் கேட்காவிட்டால் ஜிசிசி ஓ0-வில்தான் கம்பைல் செய்யும். அதாவது உகப்பாக்கமே இல்லை. மாறிகள் ஒவ்வொன்றும் நினைவகத்துக்குப் போய்த் திரும்பும், சின்னஞ்சிறு செயற்கூறுகள்கூட முறைப்படி அழைக்கப்படும். ஓ0-வுக்கும் ஓ2-வுக்கும் உள்ள இடைவெளி பல நிரல்களில் மடங்குக் கணக்கில் இருக்கும். ஓ2-வுக்கும் ஓ3-க்கும் உள்ளது பெரும்பாலும் சில சதவீதம். சில நேரம் எதிர்த் திசையிலும் போகும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உகப்பாக்கம் என்ற ஒன்று நடந்ததா என்பதைத்தான்.

இதில் கம்பைலரை அழைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு பில்டு கருவியும் ஒவ்வொரு விதம். ஆட்டோடூல்ஸ் வழியில் 'கான்ஃபிகர்' ஓட்டினால், நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் ஓ2 வந்துவிடும். சிமேக் அப்படியல்ல. பில்டு வகையைச் சொல்லாமல் விட்டால், திட்டத்தை எழுதியவர் தாமே ஏற்பாடு செய்திருந்தாலொழிய, எந்த ஓ ஃப்ளாகும் போகாது. கிடைப்பது ஓ0 பைனரி. 'ரிலீஸ்' என்று சொன்னால் ஓ3 போகும், கூடவே நிரல் தன்னையே சரிபார்க்கும் அசெர்ட் சோதனைகள் அனைத்தும் நீக்கப்படும். மெசான் தன் இயல்பிலேயே 'டீபக்' வகையில்தான் தொடங்கும், அதுவும் ஓ0. நான் கம்பைல் செய்தது டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடு) கொடுத்ததைவிட மெதுவாக ஓடுகிறது என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். 'மேக்' கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டி, கம்பைலருக்குப் போகும் முழு வரியைக் கண்ணால் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

ஓ0-வில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. நினைவக எல்லை மீறலைத் தடுக்க லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி தரும் 'ஃபோர்ட்டிஃபை' சோதனைகள் உகப்பாக்கம் இருந்தால்தான் வேலை செய்யும். எச்சரிக்கைச் செய்தி வரும். நூறு வரிகளுக்கு நடுவே அதை யார் படிக்கிறார்கள்?

ஓ3 எதைக் கூட்டுகிறது

ஓ3-இல் கம்பைலர் செயற்கூறுகளை அழைக்கும் இடத்திலேயே பிரித்துப் போடுவதில் தாராளம் காட்டும். ஒரே செயற்கூறுக்குச் சூழலுக்கேற்பப் பல பிரதிகள் எடுக்கும். லூப்புக்குள் இருக்கும் நிபந்தனையை வெளியே இழுத்து லூப்பையே இரண்டாக்கும். பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் வெக்டரைசேஷனை இன்னும் துணிந்து செய்யும். இவை அனைத்துக்கும் விலை ஒன்றே: பைனரி பெருக்கும். கட்டளைகளை சிபியு கையருகே வைத்துக்கொள்ளும் சிறு நினைவகமான முதல்நிலைக் கட்டளைக் கேஷ் பல புராசஸர்களில் 32 கிலோபைட்தான். அடிக்கடி ஓடும் பகுதி அதற்குள் அடங்காமல் பிதுங்கினால், லூப்பில் சம்பாதித்தது கேஷில் தொலையும்.

2022-இல் வந்த ஜிசிசி 12, வெக்டரைசேஷனை ஓ2-வுக்கே கொண்டுவந்தது, மிகச் சிக்கனமான அளவுகோலோடு. கிளாங்கில் அது ஏற்கெனவே ஓ2-விலேயே உண்டு. ஓ3-இன் பழைய கவர்ச்சியில் ஒரு பங்கு இப்படி இறங்கிவந்துவிட்டது. இதற்கு முன்பே, 2013-இல் மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிரலின் நினைவக அமைப்பை ஓட்டத்தின்போதே திரும்பத் திரும்பக் கலைத்துப்போட்டு அளந்தார்கள். எல்எல்விஎம் கம்பைலரில், ஸ்பெக் சிபியு 2006 சோதனைத் தொகுப்பில், ஓ2-வுக்கு மேல் ஓ3 தரும் பலனைத் தற்செயல் ஏற்ற இறக்கத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்பது அவர்கள் முடிவு. லினக்ஸ் கெர்னலும் டெபியனின் தொகுப்புகளும் ஓ2-வை இயல்பாகக் கொண்டிருப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஓ3 வீண் என்று சொல்ல வரவில்லை. படச் செயலாக்கம், அணிக் கணக்கு, இயற்பியல் உருவகப்படுத்தல் போன்றவற்றில், நேரம் முழுவதும் நாலைந்து இறுக்கமான லூப்களில் கழிந்தால், நல்ல பலன் தெரியும். அப்போதும் அந்தக் கோப்புகளுக்கு மட்டும் ஓ3 கொடுத்து மற்றவற்றை ஓ2-வில் விடுவதையே விரும்புவேன்.

நேரம் எங்கே போகிறது என்பதற்கு வீடியோ மாற்றும் கருவியான எஃப்எஃப்எம்பெக் நல்ல பாடம். வீடியோ மாற்றம் வேகமாக வேண்டும் என்று அதை ஓ3, நேட்டிவ் (அடுத்த பகுதியில் வரும்) எனச் சகல ஃப்ளாகுகளோடும் கம்பைல் செய்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அதன் மையமான கணக்குகள் சிபியுவின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்ப்ளியில் கையால் எழுதப்பட்டவை. கம்பைலரின் ஃப்ளாக் அவற்றைத் தொடுவதே இல்லை. எந்த சிபியுவுக்கு எந்த அசெம்ப்ளி என்பதையும் ஓடும்போது அதுவே தேர்ந்துகொள்கிறது. அந்த அசெம்ப்ளியை மாற்றித்தர நாஸ்ம் என்ற கருவி வேண்டும். அது இல்லாவிட்டால் 'கான்ஃபிகர்' நின்றுவிட்டு, எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி சிபியு வகை) அசெம்ப்ளியை விலக்கும் ஃப்ளாகைக் கொடுத்தால் முடமான பில்டு ஒன்று கிடைக்கும் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லும். பிழை போனால் போதும் என்று அந்த ஃப்ளாகை ஒட்டிக்கொண்டு, மறுபக்கம் ஓ3 சேர்ப்பவரின் வீடியோ மாற்றம் நொண்டத்தான் செய்யும். நாஸ்மை நிறுவுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

நேட்டிவ்: யாருடைய கணினி?

எந்த வகை சிபியுவுக்கு என்று சொல்லும் 'மார்ச்' ஃப்ளாகுக்கு 'நேட்டிவ்' என்று மதிப்புக் கொடுத்தால், கம்பைல் செய்யும் கணினியின் சிபியு அறிந்த கட்டளைகள் அனைத்தையும் கம்பைலர் பயன்படுத்தும். சொந்தக் கணினியில் கம்பைல் செய்து அதிலேயே ஓட்டுவதானால் இதில் பெரிய அபாயம் இல்லை; பெரும்பாலானவற்றைத் தாமே கம்பைல் செய்துகொள்ளும் ஜென்ட்டூ டிஸ்ட்ரோ பயனர்களிடம் இது இயல்பான பழக்கம். பைனரி வேறோர் இடத்துக்குப் பயணம் போகும்போதுதான் வினை. அங்கிருக்கும் பழைய சிபியு தனக்குத் தெரியாத கட்டளையைச் சந்தித்ததும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற ஒற்றை வரியோடு நிரல் செத்துவிழும். அதுவும் தொடங்கிய உடனே விழ வேண்டும் என்றில்லை. அந்தக் கட்டளை இருக்கும் பாதையில் ஓட்டம் நுழையும்போதுதான், ஒருவேளை மூன்றாம் நாள் இரவு, விழும். பல்கலைக்கழகக் கணினிக் கூட்டங்களில் (கிளஸ்டர்) லாகின் கணினியின் சிபியு ஒன்றாகவும் கணக்கு ஓடும் கணினிகளின் சிபியு வேறாகவும் இருப்பது சாதாரணம். மேகக் கணினிகளில் எந்தத் தலைமுறை சிபியு கிடைக்கும் என்பதே பல நேரம் நம் கையில் இல்லை. நிரலை அதன் சூழலோடு பொதிந்து எங்கும் கொண்டுபோகும் கன்டெய்னர் இமேஜ்களுக்குள் நேட்டிவ் கூடவே கூடாது.

நடுவழி ஒன்று உண்டு. எக்ஸ்86-64 சிபியுக்களை நான்கு படிகளாக வகுத்து 2020-இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முதல் படி 2003-இன் ஆப்டெரான் முதல் அனைத்தும். அடுத்த படிகளில் புதிய கட்டளைத் தொகுதிகள் சேரும்: இரண்டாம் படியில் எஸ்எஸ்இ 4.2. மூன்றாம் படியில் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ. இன்டெலில் இது 2013-இன் ஹாஸ்வெல்லோடு வந்தது. நான்காவதில் ஏவிஎக்ஸ்-512. டெபியன் இன்றும் முதல் படியில் நிற்கிறது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 இரண்டாம் படியையும், 2025-இல் வந்த 10 மூன்றாம் படியையும் கட்டாயமாக்கின. நீங்களும் 'மார்ச்' ஃப்ளாகில் இந்தப் படிகளில் ஒன்றை வெளிப்படையாக எழுதலாம். நேட்டிவ் கணினிக்குக் கணினி பொருள் மாறும்; படியின் பெயர் மாறாது. ஆனால் பத்து ஆண்டுக்குள் வாங்கியதெல்லாம் மூன்றாம் படி என்று நம்பிவிடக் கூடாது. 2020-இல் வந்த சில செலரான், பென்டியம் கோல்டு சிபியுக்களில்கூட ஏவிஎக்ஸ்2 கிடையாது. குறைந்த விலையில் மொத்தமாக வாங்கிய கணினிகள் நிறைந்த ஆய்வகத்தில் சிபியு விவரம் காட்டும் 'எல்எஸ்சிபியு' கட்டளையை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இதனால் கிடைக்கும் பலன் எவ்வளவு? பலர் நினைப்பதைவிடக் குறைவு. நினைவகத்தை நகலெடுப்பது, சரத்தின் நீளம் காண்பது போன்றவற்றுக்கு ஜிலிப்சி ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனி வடிவம் வைத்திருந்து, நிரல் தொடங்கும்போது பொருத்தமானதை மாட்டிக்கொள்கிறது. டிஸ்ட்ரோக்கள் தரும் ஓபன்பிளாஸ் அணிக்கணக்கிலும் அப்படியே. ஓபன்எஸ்எஸ்எல்லின் மறையாக்கமும் அவ்வாறே. நீங்கள் அழைக்கும் கனமான வேலையெல்லாம் இந்த நூலகங்களுக்குள் நடக்கிறதென்றால், உங்கள் நிரலை மட்டும் நேட்டிவாக்கி வரப்போவது சொற்பம்.

அதிகம் பேசப்படாத விளைவு ஒன்று. எஃப்எம்ஏ என்பது பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையில், இடைவிடையை ரவுண்டு செய்யாமல் செய்வது. அந்தக் கட்டளை கிடைத்தால் ஜிசிசி தன் இயல்பு நிலையில் கேட்காமலேயே பயன்படுத்திவிடும். எனவே நேட்டிவ் கொடுத்ததும் தசமக் கணக்கின் கடைசி இலக்கங்கள் மாறலாம். ஒருவர் கணினியில் தேறிய சோதனை இன்னொருவர் கணினியில் தோற்கும்; ஆளுக்கொரு காரணம் சொல்லி மாலை முழுவதும் கழியும். மாறாத விடை வேண்டும் என்றால் இந்த இணைப்பை அணைக்கத் தனி ஃப்ளாக் இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்டிஓ

சாதாரணமாகக் கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கிறது. எல்டிஓ (லிங்க் நேர உகப்பாக்கம்) முறையில் ஒவ்வொரு கோப்பும் பாதி வெந்த நிலையில் வைக்கப்பட்டு, எல்லாவற்றையும் ஒரே பைனரியாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் முழு நிரலையும் ஒன்றாகப் பார்த்து உகப்பாக்கம் நடக்கிறது. ஒரு கோப்பில் இருக்கும் சிறு செயற்கூறு இன்னொரு கோப்பின் லூப்புக்குள் கரைந்துவிட முடியும். யாரும் அழைக்காதது உதிர்ந்துவிடும். ஓ3 பைனரியைப் பெருக்க, எல்டிஓ பெரும்பாலும் இளைக்க வைக்கும். ஓபன்சூசே டம்பிள்வீட் 2019-இலும், ஃபெடோரா 2020-இன் 33-ஆம் பதிப்பிலும், உபுண்டு 21.04-இலும் இதை இயல்பாக்கிவிட்டன. பரிசோதனைப் பருவம் கடந்த நுட்பம் என்று துணிந்து சொல்லலாம்.

விலை, லிங்க் நேரமும் நினைவகமும். பெரிய சி++ திட்டத்தை 8 ஜிகாபைட் ராம் உள்ள மடிக்கணினியில் எல்டிஓ-வோடு லிங்க் செய்தால், கெர்னல் நடுவில் புகுந்து லிங்கரைக் கொன்றுவிடக்கூடும். பாதி வெந்த அந்தக் கோப்புகள் கம்பைலர் பதிப்பு மாறினால் செல்லாது. எனவே ஒரு பதிப்பில் தயாரித்த நிலையான நூலகத்தை இன்னொரு பதிப்பில் இணைக்க முடியாது. அதற்கு ஈடாக இலவசமாக ஒன்று கிடைக்கிறது: ஒரே மாறியை இரண்டு கோப்புகளில் இரண்டு வகையாக அறிவித்திருந்தால், தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத அந்தப் பிழையை எல்டிஓ காட்டிக்கொடுக்கும். அன்றாட வேலையின்போது அணைத்துவைத்து, வெளியீட்டுப் பதிப்புக்கு மட்டும் இயக்குவது என் சிபாரிசு.

பிஜிஓ: நான் ஓட்டுப் போடுவது இதற்கு

மேலே சொன்ன எல்லாவற்றிலும் கம்பைலர் ஊகிக்கிறது. இந்த நிபந்தனை அடிக்கடி உண்மையாகுமா, இந்தச் செயற்கூறு சூடானதா, அதாவது அடிக்கடி ஓடுவதா, என்பதை நிரலின் தோற்றத்தை வைத்துக் கணிக்கிறது. ஓட்டப் பதிவை வைத்து உகப்பாக்கும் பிஜிஓ-வில் அந்த ஊகத்துக்கு வேலை இல்லை. முதலில் எண்ணிக்கைப் பதிவோடு ஒரு பைனரி. அதை உண்மையான வேலையில் ஓட்டிப் பதிவு எடுப்பது. பிறகு அந்தப் பதிவைக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்வது. காலை ஆறு மணிக்கு எது அதிகம் போகும் என்று தெரிந்த டீக்கடை மாஸ்டர் சரக்கை அடுக்குவதுபோல, அடிக்கடி ஓடும் பாதை ஒன்றாக அடுக்கப்படும், அபூர்வமான பிழைப் பாதைகள் ஓரம் கட்டப்படும்.

கிளைகள் மலிந்த நிரல்களில் இதன் பலன் தெளிவாகத் தெரியும்: நிரலை வரிவரியாகப் படித்து ஓட்டும் இன்டர்ப்ரெட்டர்கள், தரவுத்தளங்கள், கம்பைலர்கள். வெக்டரைசேஷனுக்கு இடமில்லாத இவற்றில் ஓ3 திணறும். பைத்தானையே எடுத்துக்கொள்ளலாம். அதன் கான்ஃபிகரில் 'எனேபிள் ஆப்டிமைசேஷன்ஸ்' என்ற தேர்வு உண்டு. அதைக் கொடுத்தால் பதிவுக்கான பைனரி உருவாகி, பைத்தானின் சொந்தச் சோதனைத் தொகுப்பில் ஒரு பகுதி ஓடி, பின் இறுதிப் பைனரி கம்பைல் ஆகும். நேரம் பிடிக்கும்; ஒரு சுற்றுக் காபி குடித்து வரலாம். டெபியனும் உபுண்டுவும் தரும் பைத்தான் ஏற்கெனவே பிஜிஓ-வும் எல்டிஓ-வும் சேர்த்தே தயாரானது. எனவே அந்தத் தேர்வைச் சொல்லாமல் கையால் கம்பைல் செய்த பைத்தான், எத்தனை புதிய பதிப்பாக இருந்தாலும், டிஸ்ட்ரோவின் பைத்தானிடம் தோற்க வாய்ப்பு அதிகம். பைத்தான் பதிப்புகளை நிறுவித்தரும் பைஎன்வி வழியாக நிறுவுபவர்களும் இதைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

பதிவு எடுக்கும் வேலை உண்மை வேலையை ஒத்திருக்க வேண்டும் என்பதே இதன் ஒரே பெரிய நிபந்தனை. வினவல் மட்டும் ஓட்டிப் பதிவெடுத்த தரவுத்தளத்தில் எழுதும் பாதைகள் குளிர்ந்தவை என்று முடிவாகிவிடும். இரண்டு முறை கம்பைல் செய்வது தொல்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கும் சாதாரணப் பைனரியிலிருந்தே லினக்ஸின் அளவீட்டுக் கருவியான 'பெர்ஃப்' மூலம் மாதிரிகள் எடுத்துப் பயன்படுத்தும் ஆட்டோஎஃப்டிஓ இருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த 6.13 கெர்னலில், கிளாங் வழியாகக் கம்பைல் செய்பவர்களுக்கு இந்த வசதி சேர்ந்தது.

ஓஃபாஸ்ட் வேண்டாம்

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஓ3-ஓடு 'ஃபாஸ்ட்-மேத்' சேர்ந்ததுதான் ஓஃபாஸ்ட். எண் அல்லாத மதிப்பாகிய 'நான்' ஒருபோதும் வராது என்று கம்பைலருக்கு நீங்கள் வாக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். மழை அளவுத் தரவில் விடுபட்ட நாட்களை 'நான்' என்று குறித்து, சராசரிக்கு முன் 'இஸ்நான்' கொண்டு வடிகட்டும் நிரலை எண்ணிப் பாருங்கள். வராத ஒன்றுக்குச் சோதனை எதற்கு என்று கம்பைலர் அந்த நிபந்தனையையே நீக்கிவிடலாம். பிறகு மாதச் சராசரியே 'நான்' ஆகும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இதைவிட மோசமானது, பக்கத்து நிரலையும் கெடுப்பது. இந்த ஃப்ளாகோடு ஒரு பகிர்வு நூலகத்தைத் தயாரித்தால், அது ஏற்றப்பட்ட கணமே மிகச்சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும் நிலைக்கு சிபியுவை மாற்றும் தொடக்க நிரலை ஜிசிசி கூடவே சேர்த்துவந்தது. ஏதோ ஒரு நூலகம் செய்த வேலைக்கு, அதை ஏற்றிய நிரலின் கணக்கெல்லாம் மாறும். 2022-இல் சில பைத்தான் தொகுப்புகளில் இது வெளிச்சத்துக்கு வந்தது. பகிர்வு நூலகங்களுக்கு அதைச் சேர்ப்பதை ஜிசிசி 13 நிறுத்தியது. கிளாங் 19 ஓஃபாஸ்ட்டையே கைவிடப்படும் பட்டியலில் வைத்துவிட்டது. வரிசை மாற்றிக் கூட்டுவது மட்டும்தான் உங்களுக்கு வேண்டும் என்றால், ஃபாஸ்ட்-மேத்தின் உட்பிரிவு ஃப்ளாகுகளில் தேவையானதை, தேவையான கோப்புக்கு மட்டும் கொடுங்கள்.

உகப்பாக்கம் நிரலைக் கெடுத்ததா?

ஓ0-வில் ஓடிய நிரல் ஓ2-வில் உடைந்தால் கம்பைலர் மீது பழி விழுவது வழக்கம். பெரும்பாலும் பிழை நிரலில்தான் இருக்கும். உகப்பாக்கம் அதை வெளியே இழுத்துப் போடும். ஆனால் 2009-இல் கெர்னல் 2.6.30-இல் மெய்நிகர் நெட்வொர்க்குக்கான டன் டிரைவரில் நடந்ததைப் பார்த்தால், கம்பைலர் எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும். ஒரு செயற்கூறில் முதல் வரி, 'டன்' என்ற பாயின்டரின் (நினைவக முகவரியைச் சுட்டும் மாறி) வழியே உள்ளே போய் ஒரு மதிப்பை எடுக்கிறது. சில வரிகள் கழித்து, அந்தப் பாயின்டர் நல் (எதையும் சுட்டாதது) என்றால் பிழை சொல்லித் திரும்பு என்ற சோதனை. வரிசை தலைகீழ். ஏற்கெனவே பயன்படுத்திவிட்ட பாயின்டர் நல்லாக இருக்க முடியாது என்று ஜிசிசி முடிவுகட்டி, சோதனையை நீக்கிவிட்டது. சாதாரணமாகக் கெர்னல் விழுந்து முடிய வேண்டிய ஒரு தவறு, சாதாரணப் பயனர் ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் பெறும் ஓட்டையாக மாறியது. அதன் பிறகு நல் சோதனைகளை நீக்காதே என்ற ஃப்ளாகோடு கெர்னல் கம்பைல் ஆகிறது. உங்கள் நிரலில் இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் ஓ எண்ணைக் குறைத்து மூடி மறைக்காமல், ஜிசிசி, கிளாங் இரண்டிலும் உள்ள, இத்தகைய பிழைகளை ஓடும்போதே பிடிக்கும் சானிடைசர்களை இயக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

எனவே என் தேர்வு இப்படிப் போகும். பிறருக்குக் கொடுக்கும் பைனரி என்றால் ஓ2, முதல் அல்லது இரண்டாம் படி, வெளியீட்டில் எல்டிஓ. ஒரே சர்வரில் இரவும் பகலும் ஓடும் ஒரே கனமான நிரல் என்றால் ஓ2, எல்டிஓ, பிஜிஓ; நேட்டிவ் விருப்பம்போல. எண்கணக்கு லூப்கள் என்றால் அந்தக் கோப்புகளுக்கு ஓ3-உம் மூன்றாம் படியும், கடைசி இலக்கம் முக்கியமென்றால் எஃப்எம்ஏ இணைப்பை அணைத்து. உரைத்திருத்தி, கோப்பு மேலாளர் போன்றவற்றுக்கு டிஸ்ட்ரோ தருவதே போதும்; அவற்றைக் கம்பைல் செய்யச் செலவாகும் மின்சாரம்கூடத் திரும்பி வராது.

அளக்கும்போது ஒரு முறை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சூழல் மாறிகளின் நீளம், கோப்புகளை லிங்க் செய்த வரிசை போன்ற அற்பங்களே ஓ2, ஓ3 இடையிலான வெற்றி தோல்வியைப் புரட்டிப்போடும் என்று 2009-லேயே ஆய்வு வந்தது. மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டி, பரவலையும் பாருங்கள். அதற்கு முன் 'பெர்ஃப்' எடுத்துச் சூடான இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் தங்கள் தொகுப்புகளில் எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று தொடர உதவும் ஃப்ரேம் பாயின்டரை மறுபடி சேர்த்தது இதற்காகத்தான். சிறிது வேகத்தை விட்டுக்கொடுத்து, நேரம் எங்கே போகிறது என்று பார்க்கும் வசதியை வாங்கியிருக்கிறார்கள். நீங்கள் கம்பைல் செய்யும் பைனரியிலும் அதை விட்டுவைக்கலாம். எந்த ஃப்ளாகுகளோடு தயாரானது என்பதைப் பைனரிக்குள்ளேயே பதியவைக்கும் தேர்வும் ஜிசிசியில் உண்டு. ஆறு மாதம் கழித்து இது எப்படிக் கம்பைல் ஆனது என்று கேட்பவருக்கு 'ரீட்எல்ஃப்' கட்டளை பதில் சொல்லிவிடும்.